ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

2021 மே மாதத் தொடக்கம். கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அன்றைய இயக்குநர் ரன்தீப் குலேரியா செய்தியாளர்களிடம் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நோய் லேசாக இருப்பவர்கள் சி.டி. ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம், ஒரு சி.டி. ஸ்கேன் என்பது 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். இந்தியக் கதிரியல் மருத்துவர்களின் சங்கம் உடனே மறுப்புத் தெரிவித்தது. அது பழைய கணக்கு, இன்றைய நவீனக் கருவிகளில் ஒரு சி.டி. ஸ்கேன் 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கு மட்டுமே சமம் என்றது.

முந்நூறுக்கும் ஐந்துக்கும் இடையே அறுபது மடங்கு வேறுபாடு இருக்கிறது. இரண்டு தரப்பும் துறை அறிந்தவர்கள். பிறகு எப்படி இவ்வளவு தூரம்? நாளிதழைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிப் பேசிய நண்பர்கள் பலர் உண்டு. உண்மையில் இருவர் சொன்னதும் சரியாக இருக்க முடியும். சாதாரணமாக எடுக்கப்படும் மார்பு சி.டி. ஸ்கேனில் உடல் ஏற்கும் கதிர் ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட். நேராக நிற்க வைத்து எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேயில் ஏறத்தாழ 0.02. வகுத்துப் பார்த்தால் 350 வருகிறது. அதே ஸ்கேனை, உணர்திறன் மிக்க கருவியில், மிகக் குறைந்த கதிரில் எடுக்கும் முறையும் இருக்கிறது. அதில் 0.1 அல்லது 0.2 மில்லிசீவர்ட்டில் முடித்துவிடலாம். அப்போது வகுத்தால் ஐந்தோ பத்தோ வரும்.

ஆக, அந்த விவாதத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மாதத்தில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் ஸ்கேன் நிலையங்களின் வாசலில் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் 7 வாங்கினார்கள், எத்தனை பேர் 0.2 வாங்கினார்கள்? வாங்கியவர்களுக்கே அது தெரியாது. இருபத்தைந்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற நுரையீரல் பாதிப்புக் கணக்கை மட்டும் நகரமே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உடலுக்குள் போன கதிரின் கணக்கு எங்கள் வீட்டுக்கு வந்த எந்த அறிக்கையிலும் இல்லை.

எக்ஸ்ரே கருவிகளின் உணர்திறன் கடந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. இன்னும் பெருகும். அதன் பயன் நோயாளிக்குப் போய்ச் சேருகிறதா என்பது கருவியைப் பொறுத்தது மட்டும் அன்று. கணக்கு எழுதப்படுகிறதா என்பதையும் பொறுத்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இலக்கிய வாசகர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நம்மில் எக்ஸ்ரே எடுக்காத உடம்பு எத்தனை? அது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

* * *

உணர்திறன் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கபாலீசுவரர் கோயில் வெளிப்பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் மழை தொடங்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். முதல் சில துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். ஒரு கல்லில் மூன்று துளி, பக்கத்துக் கல்லில் ஒன்றுமில்லை. அந்தத் தளத்தில் யாரோ ஒரு தென்னோலையைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து துளி விழுந்த நிலையில் ஓலையை எடுத்துவிட்டால், அது கிடந்த இடம் எது என்று சொல்ல முடியாது. காய்ந்த இடம்தான் எங்கும் இருக்கிறதே. நன்றாகப் பெய்து, தளம் முழுதும் நனைந்த பிறகு ஓலையை எடுத்தால், ஈர்க்கு ஈர்க்காக அதன் வடிவம் தரையில் தெரியும்.

எக்ஸ் கதிரும் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒளித்துகள் என்கிறோம். எலும்பும் கட்டியும் காசநோயின் தழும்பும் அந்த ஓலையைப் போன்றவை. துளி குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். துறையில் இதை இரைச்சல் என்கிறார்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓரிடத்தில் சராசரியாக 100 துகள் விழுந்தால், அது ஏறத்தாழ 10 கூடக் குறைய இருக்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கு தடுமாற்றம். 10,000 விழுந்தால் தடுமாற்றம் 100. நூற்றுக்கு ஒரு பங்குதான். அதாவது இரைச்சலைப் பாதியாகக் குறைக்கக் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். இது இயற்கையின் விதி. எந்த நிறுவனமும் விலை பேசி இதை மாற்ற முடியாது.

மாற்றக்கூடியது ஒன்று உண்டு: வந்த துளியில் எத்தனையைக் கருவி எண்ணிக்கொள்கிறது என்பது. தி.நகர் உஸ்மான் சாலையில் நகை வாங்கியவர்களுக்குச் சேதாரம் என்ற சொல் தெரியும். வாங்குகிற தங்கத்துக்கும் விலை, செய்யும்போது வீணாவதற்கும் விலை. எக்ஸ்ரேயிலும் சேதாரம் இருக்கிறது. குழாயிலிருந்து புறப்பட்ட கதிரில் பெரும்பகுதியை உடல் விழுங்கிக்கொள்ளும். சிறு பங்குதான் மறுபக்கம் வந்து சேரும். அப்படி வந்த துகள் ஒவ்வொன்றும் நோயாளி ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியது. கருவி அதைப் பிடிக்காமல் நழுவவிட்டால் அந்த விலை வீண். பிடிப்பதில் எவ்வளவு பங்கு படத்துக்குப் பயன்படுகிறது என்பதற்குத் துறையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. குவாண்டம் திறன் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அது 0.3 ஆக இருந்த இடத்தில் 0.6 ஆனால், அதே தெளிவான படத்தைப் பாதிக் கதிரில் எடுக்கலாம்.

* * *

இந்தச் சேதாரத்தைக் குறைத்த வரலாறு சுவையானது. 1895 டிசம்பரில் ரான்ட்கன் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது அந்த அம்மையார் ஏறத்தாழ பதினைந்து நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. புகைப்படச் சுருளோ தகடோ தனியாக நின்றால் எக்ஸ் கதிரில் நூற்றுக்கு ஒன்றிரண்டைத்தான் பிடிக்கும். மற்றது ஊடுருவிப் போய்விடும். 1896இல் எடிசன் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்து, கால்சியம் டங்ஸ்டேட் என்ற பொருள் எக்ஸ் கதிர் பட்டால் நன்றாக ஒளிர்கிறது என்று கண்டார். அந்தத் திரையைப் பிலிமோடு ஒட்டிவைத்தால் கதிர் முதலில் ஒளியாகும், ஒளி பிலிமில் பதியும். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இந்தச் சோதனைகளில் தம் கைகளையே மீண்டும் மீண்டும் கதிருக்குக் காட்டினார். புண்ணாகி, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். எடிசன் அதன்பின் எக்ஸ் கதிரின் பக்கமே போகவில்லை. அளவு தெரியாமல் போன கதிருக்குத் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்ட விலை அது.

1970களில் கடோலினியம் போன்ற அருமண் தனிமங்களால் ஆன திரைகள் வந்தன. கதிர் பாதிக்கும் கீழே இறங்கியது. 1980களில் பிலிமுக்குப் பதிலாக, கதிரைத் தேக்கிவைத்து லேசர் பட்டதும் ஒளியாக வெளிவிடும் தகடுகள் வந்தன. 1990களின் பிற்பகுதியில் தட்டை உணரிகள். இவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒளிரும் படலத்தைத் தடிமனாக்கினால் கதிர் அதிகம் பிடிபடும்; ஆனால் உள்ளே பிறக்கும் ஒளி பக்கவாட்டில் பரவிப் படம் மங்கும். மெலிதாக்கினால் படம் கூர்மை, கதிரோ நழுவும். இந்த இழுபறியைச் சீசியம் அயோடைடு தீர்த்து வைத்தது. அந்தப் படிகத்தை ஊசி ஊசியாக, நெருக்கமாக நிற்கும்படி வளர்க்கலாம். ஒவ்வோர் ஊசிக்குள்ளும் பிறந்த ஒளி பெரும்பாலும் அந்த ஊசி வழியாகவே கீழே இறங்கும். படலம் தடிமனாக இருந்தாலும் கூர்மை கெடாது.

2021 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் துகள்களைத் தனித்தனியே எண்ணும் முதல் சி.டி. கருவிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் உணரி காட்மியம் டெலுரைடு. கதிரை ஒளியாக்கி, ஒளியை மின்னாக்கும் சுற்றுவழி அதில் இல்லை; ஒவ்வொரு துகளும் நேராக ஒரு மின்துடிப்பாகிறது. ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் துடிப்பைக் கருவி கணக்கில் எடுக்காது என்பதால் மின்சுற்றின் சொந்த இரைச்சல் படத்தில் கலப்பதில்லை. பெரோவ்ஸ்கைட் வகைப் படிகங்களைக் கொண்டு இன்னும் மலிவாக, இன்னும் நுட்பமாக உணரி செய்யும் ஆய்வுகள் உலகின் பல இடங்களில் நடந்துவருகின்றன.

* * *

துகளைத் தனித்தனியே எண்ணுவது சி.டி. ஸ்கேனுக்குத்தான் புதிது. வானியலாளர்கள் நெடுநாளாகச் செய்துவரும் வேலை அது. 1999 ஜூலையில் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். மயிலாப்பூரில் சந்திர விலாஸ் என்ற வீட்டில் இளமையைக் கழித்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அது. அந்தத் தொலைநோக்கியின் உணரி ஒவ்வொரு துகளும் எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, என்ன ஆற்றலோடு வந்தது என்று குறித்துக்கொள்கிறது. நெடுந்தொலைவில் இருக்கும் மங்கலான மூலங்களுக்காக நாள்கணக்கில் காத்திருந்து துகள் சேர்க்கிறார்கள். காரணம் எளிது. வானியலாளர் விண்மீனைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கதிர் அனுப்பு என்று கேட்க முடியாது. வந்ததை வீணாக்காமல் பிடிப்பது ஒன்றே அவருக்கு வழி.

மருத்துவமனையில் நிலைமை வேறு. இங்கே கதிரைக் கூட்டும் திருகு மனிதர் கையில் இருக்கிறது. படம் சரியாக இல்லையா, திருகைக் கூட்டு. இந்த வசதிதான் சிக்கலின் வேர்.

பிலிம் காலத்தில் ஓர் இயல்பான காவல் இருந்தது. கதிர் கூடிவிட்டால் பிலிம் கறுத்துப் போகும், படம் பயன்படாது. கூட்டியவருக்கு உடனே தெரிந்துவிடும். டிஜிட்டல் கருவியில் அந்தக் காவல் போய்விட்டது. கதிர் கூடினாலும் கணினி படத்தைச் சமன்செய்து காட்டிவிடும். கறுக்காது. இரைச்சல் குறைவதால் இன்னும் அழகாகவே இருக்கும். கதிர் குறைந்தால்தான் படம் புள்ளி விழுந்து, மருத்துவர் திருப்பி அனுப்புவார். இந்த நிலையில் எந்த டெக்னீஷியனும் என்ன செய்வார்? திட்டு வாங்காத பக்கமாகச் சாய்வார். தேவைக்குச் சற்றே கூடுதலாக வைப்பார். ஆண்டுக்கு ஆண்டு அது மெல்ல ஏறும். உலகெங்கும் கவனிக்கப்பட்டு, ஆங்கிலத்தில் தனிப்பெயரும் பெற்றுவிட்ட நிகழ்வு இது; கதிர் ஊர்ந்தேறுதல் என்று தமிழில் சொல்லலாம். கருவியின் உணர்திறனால் மிச்சமான கதிர் நோயாளிக்குத் திரும்பாமல் படத்தின் அழகுக்குச் செலவாகிறது. சேதாரம் குறைந்த பிறகும் பில் தொகை குறையாத கடை மாதிரி.

இதில் டெக்னீஷியனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நூறு பேரை நிற்க வைத்து எடுப்பவர் அவர். அளவைக் குறைத்து எடுத்ததற்காக அவரை யாரும் பாராட்டியதில்லை. பாராட்டு இல்லாவிட்டாலும் அளவுகோலாவது வேண்டும் அல்லவா? அதுவும் இருக்கிறது. 2008இல் வந்த பன்னாட்டுத் தர விதிப்படி, டிஜிட்டல் எக்ஸ்ரே கருவி ஒவ்வொரு படத்துக்கும் உணரியில் விழுந்த கதிரைக் குறிக்கும் ஒரு குறியெண்ணையும், இலக்கிலிருந்து அது எவ்வளவு விலகியது என்ற எண்ணையும் காட்ட வேண்டும். விலகல் சுழி என்றால் சரியான அளவு. 3 என்றால் ஏறத்தாழ இரு மடங்கு கதிர். கழித்தல் 3 என்றால் பாதி. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் எண். திரையின் ஓரத்தில் தோன்றி, அடுத்த நோயாளி வந்ததும் யாரும் படிக்காமலே மறைந்துவிடுகிறது.

கணினியும் இப்போது இந்தக் களத்தில் இறங்கியிருக்கிறது. இதிலும் நம்மவர் ஒருவருக்குப் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952 முதல் இயற்பியல் துறையை வளர்த்தெடுத்த ஜி.என். ராமச்சந்திரன், பெங்களூருக்குப் போன பின் 1971இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் வடிவத்தை மீட்டெடுக்க எளிய கணக்கு முறை ஒன்றை அது தந்தது. லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த வகைக் கணக்கு முறைதான் பல பத்தாண்டுகள் சி.டி. கருவிகளுக்குள் இயங்கியது. இன்று அதைத் தாண்டி, இரைச்சலைத் துடைத்தெடுக்கும் மென்பொருள்களும் செயற்கை அறிவும் வந்துவிட்டன. அரைகுறைத் துளிகளிலிருந்து முழு ஓலையையும் வரைந்து தருகிறோம் என்கின்றன.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பெசன்ட் நகரில் உள்ள நூலகத்தில் உ.வே.சாமிநாதையர் தேடிச் சேர்த்த சுவடிகள் இருக்கின்றன. செல் அரித்த ஏட்டில் எழுத்து இல்லாத இடத்துக்கு வந்தால் நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விட்டுவிடுவார். வேறு பிரதி கிடைத்தால் ஒப்பிட்டு நிரப்புவார். ஓசை சரியாக இருக்கிறதே என்று சொந்தமாக ஒரு சீரை எழுதி வைப்பவரை நாம் பதிப்பாசிரியர் என்று ஏற்பதில்லை. இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள் இந்த இரண்டில் எந்த வகை என்பது சோதித்து அறிய வேண்டியது. துடைக்கப்பட்ட புள்ளிகளில் ஒன்று தொடக்கநிலைக் கட்டியாக இருந்துவிடக் கூடாது. உணரியின் உணர்திறனை உயர்த்துவது வேறு பிரதி தேடுவதைப் போன்றது. உழைப்பும் செலவும் கூடுதல், நம்பகம் அதிகம். மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல உணரிக்கு அது மாற்றாகிவிடாது.

* * *

அளவு எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார் உண்டு. அவர்களை அடையாறுக்குக் கூட்டிப்போகலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் அங்கே இருக்கிறது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தாவும் வளர்த்த இடம். 1957இலேயே கோபால்ட்-60 கதிர்ச் சிகிச்சைக் கருவி அங்கு வந்துவிட்டது. கதிர்ச் சிகிச்சையில், அங்கு என்று இல்லை, உலகில் எங்குமே அளவு எழுதாமல் ஒரு நாள் சிகிச்சையும் நடப்பதில்லை. மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, இன்று எத்தனையாவது தவணை, எந்தக் கோணம் என்று எல்லாம் ஏட்டில் ஏறும். இயற்பியலாளர் கணக்கிட்டு, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே கருவி இயங்கும்.

சிகிச்சையில் கொடுக்கும் கதிர் மிகப் பெரியது, பிசகினால் ஆபத்து, அதனால் எழுதுகிறார்கள் என்று பதில் வரும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்கவும் எழுதவும் தெரியும் என்பதும் அதனால் உறுதியாகிறது. சோதனைக்கு எடுக்கும் படத்தில் அளவு சிறியது என்பதற்காக அளவே எழுத வேண்டாம் என்று ஆகுமா? ஒருவருக்கு ஒருமுறை எடுத்தால் சிறியதுதான். எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் என் தாயாரின் பழுப்பு உறைகள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒரே ஆண்டில் மூன்று சி.டி. ஸ்கேன். அவற்றில் ஒன்று, முந்தைய நிலையம் கொடுத்த குறுந்தகடு அடுத்த இடத்தின் கணினியில் திறக்கவில்லை என்பதற்காகவே திரும்ப எடுத்தது. மூன்று உறைகளிலும் வயது, தேதி, கட்டணம், மருத்துவர் பெயர், வண்ண அச்சில் நிலையத்தின் முத்திரை எல்லாம் உள்ளன. கதிரின் அளவு மட்டும் இல்லை.

இத்தனைக்கும் சி.டி. கருவி அந்தக் கணக்கைத் தானே போட்டுவிடுகிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கடைசியில் ஒரு பக்கம் உருவாகும். அதில் டி.எல்.பி. என்றொரு எண் இருக்கும், மில்லிகிரே-சென்டிமீட்டரில் குறிப்பார்கள். பெரியவர்களின் மார்பு ஸ்கேனுக்கு அந்த எண்ணை 0.014ஆல் பெருக்கினால் ஏறத்தாழ மில்லிசீவர்ட் கிடைக்கும். டி.எல்.பி. 500 என்றால் 7 மில்லிசீவர்ட். பெரும்பாலும் அந்தப் பக்கம் கருவியிலோ குறுந்தகட்டின் அடியிலோ தங்கிவிடுகிறது. அறிக்கையில் ஒரு வரி சேர்க்க எந்தப் புதுக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். இந்தியாவில் எக்ஸ்ரே, சி.டி. கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தின் கீழ் வருகின்றன. கருவிக்குத் தரச்சோதனை, அறைச் சுவருக்குத் தடிமன், பணியாளர் மார்பில் அளவி என்றெல்லாம் விதிகள் உண்டு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பு நோயாளிக்குப் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. நோயைக் கண்டறியத் தேவையான கதிரைச் சட்டம் போட்டுத் தடுத்தால் அது வேறு வகைக் கொடுமை. ஆனால் வரம்பு இல்லாத இடத்தில்தான் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 2009இல் ஒரு மருத்துவமனையில் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளை ஸ்கேனில் பல மடங்கு கதிர் போயிருந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, 2012 ஜூலை முதல் சி.டி. அறிக்கையில் அளவு எழுதுவதைக் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பிறப்பித்த கதிர்ப் பாதுகாப்பு நெறியில், நோயாளி ஏற்ற கதிர் பற்றிய தகவல் அறிக்கையின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. அங்கெல்லாம் ஸ்கேன் நிலையங்கள் மூடிப்போய்விடவில்லை.

* * *

எதிர்வாதங்களில் நான் மதிப்பது ஒன்று உண்டு. எண்ணை எழுதினால் மக்கள் பயந்துவிடுவார்கள். வேண்டிய ஸ்கேனையும் மறுத்துவிடுவார்கள் என்பது அது. பயம் உண்மையானது. கதிர் என்றாலே குண்டு விழுந்த ஊர்களை நினைப்பவர்கள் நாம். மிகக் குறைந்த அளவுகளில் தீங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் ஏற்கிறார் என்பது உலகக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு மார்பு எக்ஸ்ரே என்பது நாம் மூன்று நாள் சும்மா இருந்தாலே கிடைக்கும் அளவு. இதைச் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள். பயத்தைப் போக்குவதும் எண்தான். 2021இல் 300, 5 என்ற இரண்டு எண்களுக்கு நடுவே மக்கள் தவித்ததற்குக் காரணம், தங்கள் எண் எது என்று அவர்களுக்குத் தெரியாததுதான்.

எக்ஸ்ரேயே வேண்டாம் என்று யாரும் என்னைப் புரிந்துகொள்ளக் கூடாது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, 2019 முதல் 2021 வரை நாடு தழுவிய காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டு விட்டிருந்தால் நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தவறவிட்டிருப்பார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. அறிகுறி இல்லாமலே நோயைச் சுமந்து திரிபவர்கள் அவர்கள். இப்போது கையில் தூக்கிச்செல்லும் எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில் அவை பயன்பட்டன. பேட்டரியில் ஓடும் சிறிய குழாய் எப்படிப் போதுமானதாயிற்று? எதிரே வைக்கும் உணரி சிறு கதிரையும் வீணாக்காமல் பிடிப்பதால்தான். உணர்திறனின் மிச்சம் இங்கே படத்தின் அழகுக்குப் போகவில்லை. மருத்துவமனைக்கு வர முடியாதவரின் வாசலுக்குப் போயிருக்கிறது. நல்ல செலவு என்று நான் சொல்வது இதைத்தான்.

புகை பிடிப்போரிடையே நடத்தி 2011இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க ஆய்வும் அப்படிப்பட்டதே. ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட அந்த ஆய்வில், ஏறத்தாழ 1.5 மில்லிசீவர்ட் என்ற குறைந்த கதிரில் எடுத்த சி.டி. ஸ்கேன், நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. நோயற்றவர்களை ஆண்டுதோறும் சோதிக்கும் திட்டத்தை ஏழு ஏழாகக் கொடுத்து நடத்தத் துணிய மாட்டார்கள்.

ஆகவே நம் ஊரில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. சி.டி. அறிக்கையின் கடைசியில் ஒரு வரி: கருவி போட்ட கணக்கின்படி இந்தச் சோதனையில் நீங்கள் ஏற்ற கதிர் இவ்வளவு. எக்ஸ்ரே என்றால் விலகல் எண். குழந்தைகளுக்கு எடுக்கும்போது, எடைக்கும் வயதுக்கும் ஏற்ப அளவு மாற்றப்பட்டதா என்று ஒரு சொல். ஒரு நிலையத்தில் எடுத்த படம் இன்னொரு நிலையத்தில் திறக்கும்படியான ஏற்பாடு. அந்த ஒரு வரி ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். கதிர் அளவு என்ற எளிய சொல் நம்மிடம் இருக்கிறது. புதிதாகக் கலைச்சொல் குழு கூட வேண்டியதில்லை.

வாரியம் விதியாக்கினால் நல்லது. ஆக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை லஸ் முனையிலோ பாண்டி பஜார் பக்கமோ ஸ்கேன் எடுக்கப் போகும்போது, பணம் கட்டும் இடத்தில் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: "என் டி.எல்.பி. எவ்வளவு என்று அறிக்கையில் எழுதித் தருவீர்களா?" முதலில் விழிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் உள்ளே போய் விசாரிப்பார்கள். நூறு பேர் கேட்டால் அச்சடித்துக் கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை. என் தாயாருக்கு அடுத்த ஸ்கேன் ஆறு மாதம் கழித்து. நான் கேட்கப் போகிறேன்.